99 வாங்குவது எப்படி? ஒன்பது குழி மைதானத்திலிருந்து ஒரு கணக்கு

எங்கள் கோல்ஃப் மைதானத்தில் ஆட்டம் முடித்து வருகிறவரைப் பார்த்து, "என்ன, இன்னைக்கும் ஹன்ட்ரட் பிளஸ்தானா?" என்று கேட்பது வழக்கம். கேன்டீன் ஐஸ் பெட்டியில் இருக்கும் பானத்தைக் கேட்கிறார்களா, கார்டில் எழுதிய மொத்த அடிகளின் எண்ணைக் கேட்கிறார்களா என்று தெரியாத மாதிரி பதில் சொல்லிவிடலாம். மூன்று வருஷம் நான் இரண்டுக்கும் சேர்த்தே "ஆமாண்ணே" என்று சொல்லிவந்தேன்.

மலேசியாவின் ஈப்போவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடக்கூடிய தோட்டப் பட்டணம் எங்களுடையது. ஒரு பெரிய சாலை, இரண்டு வரிசைக் கடைவீடு, ஒரு மாரியம்மன் கோயில், சுற்றிலும் செம்பனை. முன்பு அத்தனையும் பால்மரம். துரைமார் காலத்தில் வெட்டிய ஒன்பது குழி மைதானம் இன்னும் இருக்கிறது. லயத்துப் பையன்கள் அன்று துரைகளின் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். என் அப்பாவும் தூக்கியிருக்கிறார். இப்போது ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், லோரி வைத்திருப்பவர், ஓய்வுபெற்ற கிராணி என்று நம்மவர்கள் நிறையப் பேர் சொந்தப் பையோடு நிற்பார்கள். மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன் போல மலேசியத் தொழில்முறை கோல்ஃபில் பெயர் எடுத்தவர்களும் நம்மில் உண்டு. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். கோல்ஃபில் அடி குறையக் குறைய நல்லது; நூறுக்குக் கீழே ஒரு தடவை வந்தால் போதும்.

ஆட ஆரம்பித்து ஓரிரு வருஷம் ஆகியும் 105, 112, 108 என்றே சுற்றிக்கொண்டிருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பந்தை ஓரளவு மேலே எழுப்பி அடிக்கத் தெரிந்தால் போதும், இதைச் செய்யலாம். மட்டை வீசும் முறையை எழுத்தில் சொல்லிக் கொடுக்க முடியாது. அதற்கு ஒரு பயிற்சியாளரிடம் நாலைந்து முறை போய் வாருங்கள். இங்கே நான் சொல்வது பெரும்பாலும் கணக்கு.

முதலில் கணக்கு

18 குழி ஆட்டத்தில் பார், அதாவது நல்ல ஆட்டக்காரருக்கு ஆக வேண்டிய அடிகள், பெரும்பாலும் 72. எங்களுடையது போன்ற மைதானத்தில் 36 பார் கொண்ட ஒன்பது குழியை இரண்டு சுற்று வர வேண்டும். ஒவ்வொரு குழியிலும் பாரைவிட ஓர் அடி கூடுதலாக எடுத்தால், அதாவது எல்லாமே போகி என்றால், 90. எல்லாமே டபுள் போகி, அதாவது இரண்டு அடி கூடுதல், என்றால் 108. ஒன்பது குழியில் போகி, ஒன்பது குழியில் டபுள் போகி என்றால்?

72 + 9 + 18 = 99.

இந்தக் கணக்கை ஒட்டுக்கடையில் ஒருவர் தே தாரே குடித்துக்கொண்டே சிகரெட் அட்டையில் போட்டுக் காட்டியபோது எனக்குக் கோபமே வந்தது. இதில் ஒரு பார்கூட இல்லை! நான் ஒவ்வொரு குழியிலும் பார் எடுக்கத்தான் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு சுற்றில் மூன்று பார் எடுப்பேன், அன்றைக்கே 9, 8, 10 என்று மூன்று குழியில் மொத்தத்தையும் கொட்டிவிடுவேன். மூன்று பார் சேர்த்துக் கொடுத்ததை ஒரே ஒரு ஒன்பது தின்றுவிடும்.

அதனால் செய்ய வேண்டிய முதல் வேலை, கார்டில் இருக்கும் பாரைப் பென்சிலால் திருத்துவது. ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் இன்டெக்ஸ் என்று 1 முதல் 18 வரை ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். 1 என்றால் மைதானத்திலேயே கடினமான குழி, 18 என்றால் சுலபமானது. இன்டெக்ஸ் 1 முதல் 9 வரை உள்ள குழிகளில் உங்கள் பார், அச்சிட்டதைவிட 2 கூடுதல். 10 முதல் 18 வரை உள்ளவற்றில் 1 கூடுதல். பார் 4, இன்டெக்ஸ் 3 என்றால் உங்களுக்கு அது 6. பார் 3, இன்டெக்ஸ் 16 என்றால் உங்களுக்கு 4.

ஒன்பது குழியை இரண்டு முறை சுற்றும் மைதானத்தில், முதல் சுற்றுக்கு ஒற்றைப்படை இன்டெக்ஸும் இரண்டாம் சுற்றுக்கு இரட்டைப்படையும் போட்டிருந்தால், முதல் சுற்றில் உங்கள் பார் 50, இரண்டாவதில் 49 என்று வரும். வீட்டிலேயே உட்கார்ந்து எழுதிவிடுங்கள். டீயில், அதாவது குழியின் முதல் அடியை அடிக்கும் இடத்தில், நிற்கும்போது கூட்டிக்கொண்டிருந்தால் பின்னால் வருகிறவர்கள் முறைப்பார்கள்.

உங்கள் ஓட்டை எங்கே?

கடைசியாக ஆடிய ஐந்து கார்டை எடுங்கள். தூக்கிப் போட்டுவிட்டீர்களா? சரி, அடுத்த மூன்று ஆட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழிக்கும் மூன்று விஷயம் மட்டும்: எத்தனை பட் (கிரீன் என்கிற, குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரையில் பந்தை உருட்டும் அடி), எத்தனை அபராத அடி, கிரீனுக்கு 30 மீட்டருக்குள் வந்த பிறகு கிரீன் ஏற எத்தனை அடி.

நான் 106 எடுத்த ஒரு கார்டு இன்னும் கையில் இருக்கிறது. அதில் 40 பட். அபராதம் 6. கிரீனுக்குப் பக்கத்தில் வந்து, ஒரே அடியில் ஏற வேண்டிய பந்தை இரண்டு மூன்று அடியில் ஏற்றிய வகையில் வீணானது 7. 18 குழிக்கு இரண்டு பட் வீதம் 36தான் ஆக வேண்டும்; அங்கே 4 போயிருக்கிறது. ஆக 17 அடி வீண். இதில் எதற்குமே நீளமாக அடிக்கும் திறமை வேண்டாம். நானோ அந்த வாரம் முழுக்கப் தூரம் அடிக்கும் நீள மட்டையான டிரைவர் புதிதாக ஒன்று வாங்கலாமா என்று ஈப்போக் கடையில் விலை கேட்டுக்கொண்டிருந்தேன்.

டீயில் என்ன எடுப்பது

இதுதான் எல்லோரும் ஒத்துக்கொள்ள மறுக்கும் இடம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

350 மீட்டர் பார் 4 குழி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 7ஆம் நம்பர் அயர்னில் (இரும்பு மட்டை) நீங்கள் 120 மீட்டர் அடிப்பவர் என்றால் மூன்று அடியில் 360 மீட்டர். கிரீனுக்கு வந்தாயிற்று. இரண்டு பட். ஐந்து. போகி. டிரைவர் என்ற மட்டையைத் தொடவே இல்லை. நடுவில் ஓர் அடி மண்ணைக் கிளறிவிட்டு 40 மீட்டர் போனாலும் ஆறு. உங்கள் பென்சில் பார் ஆறாக இருந்தால் அப்போதும் நஷ்டம் இல்லை.

இதைக் காகிதத்தில் பார்த்து நம்ப மாட்டீர்கள், நானும் நம்பவில்லை. ஒரு ஞாயிறு 17 குழி முடிந்தபோது என் கணக்கு 92. கடைசிக் குழி பார் 4, நேரான குழி, இடப்பக்கம் மேடு, வலப்பக்கம் வெள்ளைக் கம்பு, அதற்கு அப்பால் தோட்டத்துச் செம்பனை. ஏழு எடுத்தால் 99. கூட ஆடியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள், அதிலேயே பாதி நடுக்கம். டிரைவரை எடுத்தேன். பந்து நல்ல உயரமாகப் போய், வாழைப்பழ வடிவத்தில் வலப்பக்கம் வளைந்து, கம்பைத் தாண்டி விழுந்தது. எல்லைக்கு வெளியே போனால் அந்த அடியும் கணக்கு, ஓர் அபராதமும் கணக்கு, மறுபடியும் அதே இடத்திலிருந்து அடிக்க வேண்டும். ஆக அடுத்தது மூன்றாவது அடி. அதையும் அதே டிரைவரில் அதே காட்டுக்குள் அனுப்பினேன். பிறகு 7ஆம் நம்பரை எடுத்து ஐந்தாவது அடி, ஆறு, ஏழு, கிரீன், இரண்டு பட். ஒன்பது. 101.

மைதானத்தில் புல் வெட்டும் அண்ணன் ஒருவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் பை தூக்கியவர். "தம்பி, அஞ்சாவது அடிச்சது நல்ல அடி. அதையே மொதல்ல அடிச்சிருக்கலாமில்ல?" என்றார். இன்றுவரை யாரும் எனக்கு அதைவிடச் சுருக்கமாகப் பாடம் எடுத்ததில்லை.

எனவே, பத்துப் பந்து அடித்தால் குறைந்தது ஏழு பந்து ஃபேர்வேயிலோ (நடுவில் புல் வெட்டிய பாதை) பக்கத்து ரஃப்பிலோ (ஓரத்து நீளப் புல்) விழும் மட்டை எது என்று பயிற்சித் திடலில் பாருங்கள். அதுதான் உங்கள் டீ மட்டை. சிலருக்கு ஹைபிரிட் (நீள மட்டைக்கும் அயர்னுக்கும் இடைப்பட்டது), சிலருக்கு 5ஆம் நம்பர். விதிப்படி பையில் 14 மட்டை வரை வைத்துக்கொள்ளலாம், கட்டாயம் இல்லை. ஒரு ஹைபிரிட், 7, 9, பந்தை உயர எழுப்பும் பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், பட் அடிக்கும் பட்டர், இந்த ஆறே 99க்குத் தாராளம். இரண்டாம் கையாக வாங்கினாலும் போதும். டிரைவர் அடிக்கத்தான் கோல்ஃபுக்கு வருகிறேன் என்பவர்கள் அகலமான இரண்டு குழியைத் தேர்ந்தெடுத்து அங்கே மட்டும் ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம்.

செம்பனைக்குள் போய்விட்டால்

எங்கள் பக்கத்து மைதானங்களில் எல்லைக் கம்புக்கு உள்ளேயே நாலைந்து வரிசை மரத்தை விட்டுவைத்திருப்பார்கள். பந்து அங்கே போனால் ஆட்டம் முடியவில்லை. ஆனால் ஒன்பதும் பத்தும் பிறப்பது அங்கேதான். இரண்டு மரத்துக்கு நடுவே கொடி தெரிகிறது, உள்ளங்கை அகலத்துக்கு இடைவெளி. அடித்தால் கிரீனுக்கே போய்விடலாம் என்று மனசு சொல்லும். பந்து மரத்தில் பட்டு இன்னும் உள்ளே போகும்.

செம்பனையை முக்கோண அமைப்பில், மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர் விட்டு நடுவார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும்: எங்கே நின்றாலும் மூன்று திசையில் வரிசை நேராகத் திறந்து தெரியும். கொடியை மறந்துவிட்டு, அந்த மூன்றில் ஃபேர்வேக்குப் போகும் திசை எது என்று பாருங்கள். பக்கவாட்டாக இருந்தாலும் சரி, கொஞ்சம் பின்னோக்கி இருந்தாலும் சரி. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் வெட்டிய ஓலைகளைக் குவித்திருப்பார்கள். மற்றது குலை இறக்கும் பாதை, தரை சுத்தமாக இருக்கும். அந்தப் பாதை வழியாக வெளியே வாருங்கள். 7ஆம் நம்பரில் கைப்பிடியைக் கொஞ்சம் கீழே பிடித்து, பந்தை வலது காலுக்குப் பக்கமாக வைத்து, இடுப்பு உயரத்துக்கு மட்டும் வீசினால் பந்து தாழ்வாக ஓடி வெளியேறும். இடக்கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

பந்துக்குப் பக்கத்தில் காய்ந்த மட்டை கிடந்தால் அபராதம் இல்லாமல் எடுத்துப் போடலாம். (கையில் இருப்பதும் மட்டை, கீழே கிடப்பதும் மட்டை; தமிழில் கோல்ஃப் எழுதும்போது வரும் சங்கடம் இது.) எடுக்கும்போது பந்து நகர்ந்தால் ஓர் அடி அபராதம், பந்தைப் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். குவியலுக்கு அடியில் கையை விடாதீர்கள். எதற்கு என்று தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விதி தெரிந்தால் மிச்சமாகும் அடிகள்

2019இல் விதிகளை நிறையவே எளிதாக்கினார்கள். பழைய ஆட்கள் சிலர் இன்னும் பழைய விதியையே சொல்லிக்கொண்டிருப்பார்கள், சண்டை போடாமல் கேட்டுக்கொள்ளுங்கள். பந்து தேட முன்பு 5 நிமிடம், இப்போது 3. பந்தைக் கீழே விடும்போது தோள் உயரத்திலிருந்து அல்ல, முழங்கால் உயரத்திலிருந்து விட வேண்டும். கொடிக் கம்பைக் குழியிலேயே விட்டுவிட்டுப் பட் செய்யலாம்.

பந்து காட்டுக்குள் தொலைந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், நடப்பதற்கு முன்பே "இது தற்காலிகப் பந்து" என்று கூட இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு இன்னொன்று அடியுங்கள். சொல்லாமல் அடித்தால் அதுவே உங்கள் ஆட்டப் பந்து ஆகிவிடும், முதல் பந்து கிடைத்தாலும் பயனில்லை. சில மைதானங்களில் உள்ளூர் விதி ஒன்று உண்டு: தொலைந்த பந்துக்கோ எல்லைக்கு வெளியே போனதற்கோ 2 அடி அபராதம் ஏற்றுக்கொண்டு, பந்து போன இடத்துக்கு நேராக ஃபேர்வே ஓரத்தில் பந்தை விட்டு ஆடலாம். கார்டின் பின்பக்கம் படித்துப் பாருங்கள். இல்லாவிட்டால் அலுவலகத்தில் கேளுங்கள்.

லோங்கானில் (வடிகாலில்) விழுந்து, அங்கே அபராதப் பகுதியைக் காட்டும் சிவப்புக் கம்பு இருந்தால், ஓர் அடி அபராதத்தோடு, பந்து எல்லையைக் கடந்த இடத்திலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்குப் பக்கமாக வராமல் பந்தை விடலாம். மரத்து வேருக்குள் சிக்கியதா? ஆட முடியாத பந்து என்று சொல்லி, ஓர் அபராதத்தோடு பந்து இருக்கும் இடத்திலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்குப் பக்கமாக வராமல் விடுங்கள். வேரோடு சேர்த்து அடித்து மணிக்கட்டைக் கெடுத்துக்கொண்டவரை எனக்குத் தெரியும். மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் நிற்க வேண்டி வந்தாலும், ஃபேர்வேயில் தன் வேகத்திலேயே பந்து சேற்றில் புதைந்துவிட்டாலும் இலவசமாக நகர்த்தலாம். நம் ஊர் மழைக்கு இந்த இரண்டும் வாரா வாரம் கைகொடுக்கும்.

கிரீனுக்குப் பக்கத்தில்: 12இல் கழித்தல்

பந்து கிரீனுக்கு வெளியே பத்துத் தப்படியில் கிடக்கிறது. புதியவர்கள் கை தானாகவே சாண்ட் வெட்ஜுக்குப் போகும். டிவியில் அப்படித்தான் பார்க்கிறோம்: பந்து மேலே போய், கொடியருகே விழுந்து நிற்கும். நம் கையில் அது பாதி நேரம் மூன்று தப்படி நகரும், மீதி நேரம் கிரீனைத் தாண்டி அந்தப் பக்கம் போகும்.

ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். பட்டரால் உருட்ட முடிந்தால் பட்டர். முடியாவிட்டால், பந்தைக் கொஞ்சம் தாண்டவிட்டு உருட்டும் சிப். வேறு வழியே இல்லாதபோதுதான் உயரமான அடி. எங்கள் மைதானங்களில் ஃபேர்வே முழுக்கக் கவ் கிராஸ் என்கிற அகலப் புல். அதன் மேல் பந்து நன்றாக நிற்கும், ஆனால் அதன் வழியே பட்டரால் உருட்டினால் பந்து மூச்சடைத்து நின்றுவிடும். கிரீன் ஓரத்தில் குட்டையாக வெட்டிய பகுதியில் மட்டும் பட்டர் செல்லும். மற்ற இடத்தில் சிப்தான்.

சிப்புக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 12இலிருந்து மட்டையின் எண்ணைக் கழியுங்கள். 8ஆம் நம்பர் என்றால் 4: பந்து ஒரு பங்கு காற்றில் போனால் நான்கு பங்கு உருளும். 9 என்றால் மூன்று பங்கு. 7 என்றால் ஐந்து. பிட்சிங் வெட்ஜை 10 என்று வைத்துக்கொண்டால் இரண்டு. கிரீன் ஓரம் இரண்டு தப்படி தூரத்தில், கொடி மொத்தம் பத்துத் தப்படியில் இருக்கிறது என்றால்? இரண்டு காற்றில், எட்டு தரையில்; ஒன்றுக்கு நான்கு; 8ஆம் நம்பர். இது ஏறக்குறையத்தான். ஏற்றமான கிரீனில் ஒரு நம்பர் குறைத்து எடுங்கள் (8க்குப் பதில் 7), பனி ஈரம் காயாத காலை ஆட்டத்தில் இன்னும் கொஞ்சம் குறைவாக உருளும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கும் முறை பட் போலவேதான். பாதங்கள் நெருக்கமாக, உடல் எடை கொடிப் பக்கத்துக் காலில், பந்து பின் காலுக்கு நேராக, மணிக்கட்டை மடக்காமல் தோளை ஆட்ட வேண்டும். பந்தை மேலே எழுப்ப எதுவும் செய்யாதீர்கள். மட்டையின் சாய்வு அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். எழுப்பப் பார்க்கிறவர்கள்தான் பந்தின் தலையில் தட்டுகிறார்கள்.

வீட்டு முற்றம் போதும் இதற்கு. ஒரு துண்டை விரித்து, அதன் மேல் பந்து விழும்படி தினமும் இருபது அடி. என் வீட்டில் துளசி மாடத்துக்கும் மோட்டார் நிற்கும் இடத்துக்கும் நடுவில் ஆறு தப்படி. அங்கேதான் பழகினேன். மோட்டாரின் கண்ணாடி ஒன்று போனது, அதைச் சொல்லாமல் விட்டால் வீட்டில் கேட்பார்கள்.

பட்: நீளம் முதலில், திசை அப்புறம்

குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு தேத்தண்ணிக் கிளாஸைவிடக் கொஞ்சம் அகலம். பன்னிரண்டு தப்படியிலிருந்து அதற்குள் போட முயல்வதால்தான் மூன்று பட் வருகிறது. முதல் பட்டை, குழியைச் சுற்றி ஒரு பெரிய அண்டாவின் வாய் அளவுக்கு வட்டம் இருப்பதாக நினைத்து, அதற்குள் கொண்டுபோய் நிறுத்தப் பாருங்கள். திசையில் நாம் பெரிதாகத் தவறுவதில்லை. ஒரு தப்படி வலம், ஒரு தப்படி இடம், அவ்வளவுதான். நீளத்தில்தான் நான்கு தப்படி குறைவாகவும் ஐந்து தப்படி கூடுதலாகவும் போகிறோம்.

ஆட்டத்துக்கு முன்னால் பயிற்சிக் கிரீனில் பத்து நிமிடம் செலவிடுங்கள். குழியை நோக்கி அடிக்க வேண்டாம். ஐந்து தப்படியில் மூன்று பந்து, பத்துத் தப்படியில் மூன்று, பதினைந்தில் மூன்று. புல்லின் ஓரத்தைக் குறியாக வைத்து, ஓரத்தைத் தாண்டாமல் எவ்வளவு பக்கத்தில் நிறுத்த முடிகிறது என்று பாருங்கள். அன்றைய கிரீனின் வேகம் கைக்குத் தெரிந்துவிடும். கடைசியாக ஒரு தப்படி தூரத்தில் இருந்து பத்துப் பந்தைக் குழிக்குள் போட்டு, அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு டீக்குப் போங்கள்.

நம் நாட்டுக் கிரீனில் இன்னொன்று கவனிக்க வேண்டும், புல்லின் போக்கு. பழைய மைதானங்களில் செரங்கூன் புல்லும் மற்ற இடங்களில் பெர்முடா வகையும் இருக்கும். இரண்டும் ஒரு பக்கமாகப் படுத்து வளரக்கூடியவை. பந்துக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது புல் பளபளவென்று வெளிறித் தெரிந்தால், அது உங்களிடமிருந்து விலகிப் படுத்திருக்கிறது. பந்து வேகமாக ஓடும். கரும்பச்சையாகத் தெரிந்தால் உங்களைப் பார்த்துப் படுத்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ள வேண்டும். சந்தேகம் என்றால் குழியின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் வெட்டு சுத்தமாகவும் எதிர்ப்பக்கம் நைந்து பழுப்பாகவும் இருக்கும். புல் படுத்திருப்பது நைந்த பக்கத்தை நோக்கி.

கிரீனில் ரப்பர் கொட்டையோ சருகோ கிடந்தால் தாராளமாக எடுங்கள். அங்கே தவறுதலாகப் பந்து அசைந்தாலும் அபராதம் இல்லை, திருப்பி வைத்தால் போதும்.

பங்கர்

இந்த மணல் பள்ளத்திலிருந்து ஒரே அடியில் வெளியே வந்தால் போதும், எங்கே வந்தாலும் சரி. சாண்ட் வெட்ஜின் முகத்தைக் கொஞ்சம் திறந்து, பந்துக்கு இரண்டு விரல்கட்டை பின்னால் மணலை அடித்து, மட்டையை நிறுத்தாமல் வீசி முடியுங்கள். மழை நனைத்துக் கெட்டியான மணலில் முகத்தைத் திறக்காதீர்கள், மட்டை எகிறிப் பந்தின் நடுவில் படும். அடிப்பதற்கு முன் மட்டையால் மணலைத் தொடக்கூடாது. எதிரே சுவர் உயரமாக இருந்தால் பக்கவாட்டில் வாருங்கள்.

வாரத்துக்கு மூன்று மணி நேரம் கிடைத்தால்

அதில் இரண்டு மணி நேரம் கிரீனைச் சுற்றியே போகட்டும். மீதி ஒரு மணி நேரம் பயிற்சித் திடலில், அதிலும் பாதிப் பந்து உங்கள் டீ மட்டைக்கு. வாளி நிறையப் பந்து வாங்கி டிரைவரால் தீர்த்துவிட்டு வியர்வையோடு வீட்டுக்குப் போவது உடற்பயிற்சி என்ற வகையில் நல்லதுதான்.

ஆட்ட நாள்

முடிந்தவரை முதல் நேரம் எடுங்கள். நம் பக்கம் ஏழேகாலை ஒட்டித்தான் நன்றாக விடியும். ஏழரைக்கு ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் முதல் ஒன்பது முடிந்துவிடும். இரண்டாவது சுற்றில்தான் கார்டு கெட்டுப்போகிறது. பல பேருக்குக் காரணம் ஆட்டத்தில் இல்லை, வயிற்றில் இருக்கிறது. பசியாறாமல் வந்து, பத்து மணிக்கு நாசி லெமாக் ஒரு பொட்டலத்தை அவசரமாக விழுங்கிவிட்டு, கால் கனத்துப்போய்ப் பத்தாவது டீயில் நிற்பார்கள். ஒரு பழம், கொஞ்சம் கச்சான் கடலை, இரண்டு குழிக்கு ஒரு முறை தண்ணீர், இது போதும். பகி வண்டி எடுக்காமல் டிராலி தள்ளி நடக்கிறவர்கள் தொப்பியை மறக்க வேண்டாம்.

பின்மதியத்தில் ஆடினால் வானத்தைப் பாருங்கள். இடி கேட்டதும், சங்கு ஊதும்வரை காத்திராமல் மட்டையை வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். தனி மரத்துக்கு அடியில் ஒதுங்காதீர்கள். 99 அடுத்த வாரமும் இருக்கும்.

ஒரு குழியில் எட்டு வந்துவிட்டால்? வரும். உங்கள் பென்சில் பாரைவிட இரண்டு கூடிவிட்டது, அவ்வளவுதான். அதை அடுத்த குழியிலேயே மீட்கப் பார்ப்பதுதான் இரண்டாவது எட்டுக்கு வழி. மீதிக் குழிகளில் எங்காவது ஒரு சிப் கொடியருகே நின்று, ஓர் அடி தானாகத் திரும்பி வரும். ஓடிக்கொண்டிருக்கும் மொத்தத்தைக் கூட்டாமல், குழிக்குக் குழி பென்சில் பாருக்கு மேலே கீழே என்று மட்டும் எழுதுங்கள். நான் அந்த 92ஐக் கூட்டியிருக்கவே கூடாது.

எனக்கு 99 வந்தது ஒரு சனிக்கிழமை, அந்த ஒன்பதுக்கு ஏழு மாதம் கழித்து. பார் ஒன்றுகூட இல்லை. 10 போகி, 7 டபுள் போகி, ஒரு டிரிபிள் போகி. டிரைவரைக் காரிலேயே பூட்டிவைத்திருந்தேன். பையில் இருந்தால் எடுத்திருப்பேன், என்னை எனக்குத் தெரியும்.

கார்டை என்ன செய்வது

ஹேண்டிகேப் (உங்கள் ஆட்டத் தரத்தைக் காட்டும் எண்) இன்னும் வாங்கவில்லை என்றால் இதுதான் சமயம். 2020 முதல் நடப்பில் உள்ள உலக ஹேண்டிகேப் முறையில் ஆரம்பத்துக்கு மொத்தம் 54 குழி ஆடிய கார்டு தேவை. ஒன்பது குழிக் கார்டுகளைச் சேர்த்தும் கொடுக்கலாம். அதிகபட்ச ஹேண்டிகேப் 54.0 என்பதால், வெட்கப்பட்டுக்கொண்டு இன்னும் நன்றாக ஆடியபிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. முதல் ஹேண்டிகேப் வரும்வரை ஒரு குழிக்குப் பாரைவிட 5 கூடுதல் வரைதான் அந்தக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஒரு பார் 4இல் பதின்மூன்று அடித்தாலும் அங்கே ஒன்பதுதான். நீங்கள் உங்களுக்காக வைத்திருக்கும் 99 கணக்கில் மட்டும் பதின்மூன்று பதின்மூன்றாகவே இருக்கட்டும். 20 கார்டு சேர்ந்தபிறகு, கடைசி 20இல் சிறந்த 8இன் சராசரியை எடுப்பார்கள்.

கார்டில் கூட ஆடியவர் ஒருவருடைய கையெழுத்து வேண்டும், உங்களுடையதும் வேண்டும். ஒட்டுக்கடையில் உட்கார்ந்துவிட்டால் யாரும் பேனா தேட மாட்டார்கள், கிரீனை விட்டு இறங்கியதும் வாங்கிவிடுங்கள்.